ஊசியை நம்பலாமா? பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் டாஷ்போட் சொல்லும் வரலாறு

1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் ஜாகுவார் ஈ-ரைப் கார் முதன்முதலாகக் காட்டப்பட்டபோது எல்லாரும் அதன் நீண்ட மூக்கைத்தான் பார்த்தார்கள். நாங்கள் இங்கே பார்க்கப்போவது அந்தக் காருக்குள்ளே, டாஷ்போட்டின் நடுவில் இருந்த ஒரு தகட்டை. அதில் நாலு சின்ன மீற்றர்கள்: ஒன்று மின்னோட்டத்துக்கு, ஒன்று பெற்றோலுக்கு, ஒன்று எண்ணெய் அழுத்தத்துக்கு, ஒன்று தண்ணிச் சூட்டுக்கு. அவற்றுக்குக் கீழே வரிசையாகச் சுவிட்சுகள். தகட்டின் மேல் இரண்டு மூலையிலும் விரலால் கழற்றக்கூடிய இரண்டு திருகுகள். அந்த இரண்டையும் கழற்றினால் தகடு முன்பக்கமாக மடிந்து இறங்கும். மீற்றர்களின் முதுகு, வயர்கள், பியூஸ்கள் எல்லாம் கண்ணுக்கு முன்னால வந்துவிடும். ஸ்குரூ ட்ரைவர்கூடத் தேவையில்லை.

இது அழகுக்காகச் செய்த வேலையில்லை. இந்தக் காரை வாங்குகிறவர் ஒருநாள் இந்தத் தகட்டைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும் எண்டு வடிவமைத்தவர்களுக்கே தெரிந்திருந்தது. மீற்றர்கள் பழுதாகும். பழுதானால் பரவாயில்லை, பொய்யும் சொல்லும். அந்தப் பொய்யை ஓட்டுபவரே பிடித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அந்த இரண்டு திருகிலும் இருந்தது. அந்த நம்பிக்கை எப்படி வந்தது, எப்படி மெல்ல மெல்லக் காணாமல் போனது என்பதுதான் எங்களுக்கு இதில் பிடித்த கதை.

"கார் வாங்க வழியில்லாத நாங்கள் ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி எழுதி என்ன செய்யப் போறம்?" எண்டு எங்கட கூட்டத்தில ஒரு கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். கொஞ்சம் பொறுங்கோ, யாழ்ப்பாணத்து மொறிஸ் மைனர் வரைக்கும் இந்தக் கதை வரும்.

முதலில் இந்த மீற்றர்களை யார் செய்தார்கள் எண்டு பார்ப்பம். அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார் எதையும் எடுத்துப் பாருங்கள். எம்.ஜி., ரயம்ப், ஒஸ்ரின்-ஹீலி, ஜாகுவார் எதுவானாலும் மீற்றரின் முகத்தில் பெரும்பாலும் ஸ்மித்ஸ் அல்லது ஜேகர் எண்டு எழுதியிருக்கும். சாமுவேல் ஸ்மித் என்பவர் 1851 இல் இலண்டனில் ஆரம்பித்த மணிக்கூட்டுக் கடைதான் பிறகு எஸ். ஸ்மித் அன்ட் சன்ஸ் ஆனது. 1904 இல் ஏழாம் எட்வேர்ட் மன்னரின் காருக்கு அவர்கள் ஒரு வேகமானி செய்துகொடுத்தார்கள். முதலாம் உலகப்போர்க் காலத்தில் கிரிக்கிள்வூட்டில் தொழிற்சாலை எழும்பியது. ஆகவே கார் மீற்றர் என்பது மணிக்கூட்டுக்காரரின் கைவேலையாகத்தான் பிறந்தது. நுணுக்கமான சுருள்வில், சின்னப் பற்சில்லு, வெள்ளை முகம், கறுப்பு எழுத்து எல்லாமே அங்கிருந்து வந்தவை.

1930களில் ஸ்மித்ஸும் லூகாஸும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தன. ஒருவர் துறைக்குள் மற்றவர் போட்டிக்கு வருவதில்லை என்பதுதான் அதன் சாரம். விளக்கு, டைனமோ, இக்னிஷன் எல்லாம் லூகாஸுக்கு. மீற்றர்கள் ஸ்மித்ஸுக்கு. அதற்குப் பிறகு பிரித்தானியக் கார்க் கம்பெனி எதுவும் மீற்றர் வாங்கப் போனால் போகிற கதவு கிட்டத்தட்ட ஒன்றுதான். 1963 இல் பிரித்தானியாவின் ஏகபோகங்கள் ஆணைக்குழு வாகன மின்சாதனச் சந்தையைப் பற்றி ஒரு முழு அறிக்கையே வெளியிட்டது. டாஷ்போட் வரலாற்றில் எங்களுக்கு இது முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் ஒரே கைதான் எல்லாக் காருக்கும் மீற்றர் செய்தது என்றால், ஒரே மாதிரியான பழுதுதான் எல்லாக் காருக்கும் வரும். ஒரு மெக்கானிக் ஒரு காரில் படித்த பாடத்தை இன்னும் நூறு காரில் பயன்படுத்தலாம்.

லூகாஸைப் பற்றி உலகம் முழுக்க ஒரு பகிடி இருக்கிறது: 'இருட்டின் இளவரசன்'. லூகாஸ் சுவிட்சுக்கு மூன்று நிலை, மங்கல், மினுக்கல், அணைவு எண்டும் சொல்லுவார்கள். சிரிக்கலாம். ஆனால் அது முழு நியாயமில்லை. இந்தக் கார்களின் டாஷ்போட்டில் வரும் கோளாறுகளில் கனக்க, ஏதாவது ஒரு பாகம் செத்ததால் வருவதில்லை. ஒரு வயரின் நுனி உடம்புத் தகரத்தோடு சேரும் இடத்தில் துரு பிடித்து, எர்த் கிடைக்காமல் போவதால் வருகிறது. ஐம்பது அறுபது வருடம் மழையில் நின்ற தகரத்துக்கு லூகாஸ் என்ன செய்யும்?

இனி மீற்றர்களுக்கு வருவம். இருப்பதில் பழையதும் விளங்கிக்கொள்ள இலகுவானதும் வேகமானிதான். 1902 இல் ஒட்டோ ஷூல்ட்ஸ என்ற ஜேர்மன் பொறியியலாளர் காப்புரிமை எடுத்த வழிதான் எண்பது வருடத்துக்கு மேல் ஓடியது. கியர்பொக்ஸில் இருந்து ஒரு கேபிள் சுற்றிக்கொண்டு மேலே வருகிறது. அதன் நுனியில் ஒரு காந்தம். காந்தத்தைச் சுற்றி, அதைத் தொடாமல், ஒரு அலுமினியக் கிண்ணம். காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் சுழிப்போட்டம் எழும்பி, கிண்ணம் காந்தத்தின் பின்னால் இழுபடும். உயர்தரத்தில் பௌதிகவியல் செய்தவர்களுக்கு இது ஞாபகம் வரும். ஒரு மெல்லிய சுருள்வில் கிண்ணத்தைப் பிடித்து நிறுத்துகிறது. இழுப்பும் பிடிப்பும் சமப்படுகிற இடத்தில் ஊசி நிற்கும். அவ்வளவுதான். மின்சாரமே தேவையில்லை.

இதில் பழுது பார்க்கிற முறையும் அப்படியே நேரானது. ஊசியும் ஓடவில்லை, மைல் எண்ணும் ஓடவில்லை என்றால் கேபிள் அறுந்திருக்கும், அல்லது கழன்றிருக்கும். மைல் எண் ஓடுகிறது, ஊசி மட்டும் படுத்திருக்கிறது என்றால் கேபிளில் பிழையில்லை, மீற்றரின் தலைக்குள்ளேதான் ஏதோ. ஊசி நடுங்கித் துள்ளினால் கேபிள் எங்கேயோ இறுக்கமாக வளைந்திருக்கிறது, அல்லது உள்ளே காய்ந்துபோயிருக்கிறது. அதற்குக் கிறீஸ் பூசலாம். ஆனால் கூடப் பூசினால் இன்னொரு வில்லங்கம் வரும். கேபிள் சுற்றச் சுற்ற கிறீஸ் மேலே ஏறி, காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்போது கிண்ணம் தேவைக்கு அதிகமாக இழுபட்டு, நாற்பதில் போகிற காரை அறுபது எண்டு காட்டும். பழுதைத் திருத்தப் போட்ட மருந்தே ஊசியைப் பொய் சொல்லவைக்கிறது.

பொய் இல்லாத நடுக்கமும் ஒன்று இருந்தது. போருக்குப் பிறகு வந்த எம்.ஜி. ரி.சி. போன்ற கார்களில் இருந்தது குரோனோமெற்றிக் என்ற வேறு வகை. அது உண்மையாகவே ஒரு மணிக்கூடு. சின்ன ஒரு நேர இடைவெளிக்குள் கேபிள் எத்தனை சுற்றுச் சுற்றியது என்று எண்ணி, அந்த எண்ணிக்கைக்கு ஊசியைத் தள்ளிவைக்கும். பிறகு அடுத்த எண்ணிக்கை. அதனால் ஊசி வழுக்கிக்கொண்டு ஏறாது, படி படியாகத் துள்ளி ஏறும். இதைத் தெரியாதவர்கள் பழுது எண்டு நினைத்துக் கழற்றி, நல்லா இருந்ததைப் பழுதாக்கியும் இருக்கிறார்கள். எது பழுது, எது அதன் இயல்பு என்று பிரித்தறிவதுதான் இந்தத் தொழிலில் பாதி.

ஸ்மித்ஸ் வேகமானியின் முகத்தில், கீழே, சின்ன எழுத்தில் ஒரு எண் இருக்கும். 1280 எண்டு வைத்துக்கொள்வம். ஒரு மைலுக்குக் கேபிள் 1280 தரம் சுற்ற வேண்டும் என்பது அதன் அர்த்தம். பின் அச்சின் பல் விகிதத்தை மாற்றினாலோ வேறு அளவு ரயர் போட்டாலோ அந்தக் கணக்குக் குழம்பும். மீற்றர் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்துகொண்டே பிழையான வேகத்தைக் காட்டும். இன்றைய கார்களிலும் வேகமானி நேர்மையானது எண்டு நினைக்காதேங்கோ. ஐரோப்பாவில் பின்பற்றப்படும் ஐ.நா. ஒழுங்குவிதி இலக்கம் 39 இன்படி, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம்: உண்மை வேகத்தின் பத்தில் ஒரு பங்கும், அதற்குமேல் மணிக்கு 4 கிலோமீற்றரும். அதாவது நீங்கள் 100 இல் போகும்போது மீற்றர் 114 எண்டு காட்டினாலும் சட்டப்படி அது சரியான மீற்றர்.

அடுத்தது எண்ணெய் அழுத்தம். பழைய எம்.ஜி. கார்களில் இதற்கு வயரே இல்லை. எஞ்சினில் இருந்து ஒரு மெல்லிய குழாய் சூடான எண்ணெயையே நேராக டாஷ்போட் வரைக்கும் கொண்டுவந்தது. மீற்றருக்குள் கொக்கிபோல வளைந்த ஒரு தட்டைக் குழாய். அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும், அந்த அசைவு ஊசியைத் தள்ளும். பாரிஸில் யூஜின் பூர்டோன் 1849 இல் காப்புரிமை எடுத்தது இது. நீராவி எஞ்சின் காலத்துச் சாமான். இது கிட்டத்தட்டப் பொய்யே சொல்லாது. பழுதானால் உங்கள் காலில் எண்ணெய் ஊத்தும், அவ்வளவுதான்.

ஈ-ரைப்பில் ஜாகுவார் இந்தக் குழாயை எடுத்துவிட்டு, எஞ்சினில் ஒரு மின் சென்சரைப் பூட்டி, ஒரு வயரை மட்டும் உள்ளே கொண்டுவந்தது. காருக்குள் எண்ணெய் இல்லை, துப்புரவு. ஆனால் அந்தச் சென்சர் பேர்போன பொய்யன். எஞ்சின் நல்ல சுகமாக ஓடிக்கொண்டிருக்கும், ஊசி கீழே விழுந்து கிடக்கும். பயந்துபோய் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தவர்களும் உண்டு, வருடக்கணக்காக ஊசியைக் கவனிக்காமல் விட்டவர்களும் உண்டு. இரண்டாவது வகைதான் ஆபத்து. ஒருநாள் உண்மையாகவே அழுத்தம் விழும்போது அதையும் வழமையான பொய் எண்டு நினைத்துக் கடந்துபோய்விடுவார்கள். அனுபவமுள்ள மெக்கானிக் என்ன செய்வார் என்றால், சென்சரைக் கழற்றிவிட்டு அதே துளையில் ஒரு பழைய பூர்டோன் மீற்றரைத் தற்காலிகமாகப் பூட்டிப் பார்ப்பார். புதிய சாட்சி பொய் சொல்லுகிறதா எண்டு அறிய 1849 இன் சாட்சியைக் கூப்பிடுகிறார்.

இப்ப பெற்றோல் மீற்றரும் சூட்டு மீற்றரும். எங்களுக்கு இந்தப் பகுதிதான் மிகவும் விருப்பம், கொஞ்சம் விரிவாகச் சொல்லுறம்.

1950களின் பெற்றோல் மீற்றரில் ஊசி ஒரு இடத்தில் நிற்காது. உள்ளே இரண்டு சுருள், நடுவில் ஒரு இரும்புத் துண்டு. தாங்கியில் பெற்றோல் அலம்பும்போதெல்லாம் ஊசியும் அலம்பும். ஒரு திருப்பத்தில் பாதித் தாங்கி, அடுத்த திருப்பத்தில் வெறும் தாங்கி. 1960களில் ஸ்மித்ஸ் இதற்கு வேறு வழி கொண்டுவந்தது. பள்ளிக்கூட விஞ்ஞானத்தில் படித்த ஈருலோகச் சட்டம் ஞாபகமிருக்கா? இரண்டு உலோகம் ஒட்டிய கீற்று, சூடானால் ஒரு பக்கம் வளையும். அதில் ஒரு கம்பியைச் சுற்றி, அந்தக் கம்பியூடாக மின்னோட்டத்தை விட்டார்கள். தாங்கியில் மிதவையோடு ஒரு தடை இருக்கிறது. பெற்றோல் நிறைய இருந்தால் தடை குறையும், மின்னோட்டம் கூடும், கீற்று கூடச் சூடாகி வளைந்து ஊசியை மேலே தள்ளும். சூடாக நேரமெடுக்கும் என்பதால் ஊசி ஆறுதலாக ஏறும், ஆறுதலாக இறங்கும். திருப்பத்தில் பெற்றோல் அலம்புவதை அது கவனிக்கவே கவனிக்காது.

கெட்டித்தனமான வேலைதான். ஆனால் ஒரு ஓட்டை. மீற்றர் அளப்பது சூட்டை. சூடு வோல்ற்றளவில் தங்கியிருக்கிறது. காரின் வோல்ற்றளவோ நிலையில்லாதது. எஞ்சின் சும்மா நிற்கும்போது பற்றரியில் 12, ஓடும்போது 14. அப்படியே விட்டால் வேகமாக ஓடும்போது பெற்றோல் கூடிவிட்டது எண்டு மீற்றர் காட்டும். அதைத் தடுக்கத்தான் டாஷ்போட்டின் பின்பக்கத்தில் தீப்பெட்டியிலும் சின்னதாக ஒரு தகரப் பெட்டி வந்தது: வோல்ற்றேஜ் ஸ்ரெபிலைசர். அதற்குள்ளேயும் ஒரு ஈருலோகக் கீற்றுத்தான். மின்னோட்டம் போகும், கீற்று சூடாகி வளைந்து தொடுப்பை விடுவிக்கும், ஆறும், திரும்பத் தொடும். இப்படி விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே இருந்து, சராசரியாக 10 வோல்ற்றை மீற்றர்களுக்குக் கொடுக்கும்.

பெற்றோல் மீற்றரும் சூட்டு மீற்றரும் இந்த ஒரே பெட்டியில் இருந்துதான் உயிர் எடுக்கின்றன. துப்பறிதல் இங்கே தொடங்குகிறது. இரண்டு மீற்றரும் ஒரே நேரத்தில் பிழையாகக் காட்டினால் மீற்றர்களைத் தொடவே வேண்டாம், பெட்டியைப் பாருங்கள். இரண்டும் செத்திருந்தால் பெட்டிக்குள் தொடுப்புக் கரியாகியிருக்கும், அல்லது பெட்டிக்கு மின்சாரமே வரவில்லை. இரண்டும் அளவுக்கு மிஞ்சிக் காட்டினால், அதாவது தாங்கி நிறைய பெற்றோலும் கொதிக்கிற எஞ்சினும், பெட்டிக்கு எர்த் இல்லாமல் போயிருக்கும். எர்த் இல்லாவிட்டால் கீற்று சூடாகாது, சூடாகாவிட்டால் தொடுப்பு விடாது, பற்றரியின் முழு வோல்ற்றளவும் மீற்றருக்குப் போகும். பெட்டியைப் பிடித்திருக்கிற ஒரே ஒரு திருகின் அடியில் பிடித்த துருவால் ஒரு மனுசன் ரேடியேற்றரை மாற்றுவான், தேர்மோஸ்ரற்றை மாற்றுவான், கடைசியில் எஞ்சின் தலையையும் கழற்றுவான்.

ஒரு மீற்றர் மட்டும் பிழை என்றால் வேறு வழி. சென்சரில் இருக்கும் வயரைக் கழற்றுங்கள், ஊசி அடிக்கு வரவேண்டும். கழற்றிய நுனியைக் கணநேரம் எஞ்சின் உடம்பில் தொடுங்கள், ஊசி மேல்நோக்கி ஏறத் தொடங்கவேண்டும். நெடுநேரம் பிடிக்கக்கூடாது, மீற்றர் கருகும். ஏறினால் மீற்றரும் வயரும் சுகம், சென்சர்தான் கள்ளன். ஏறாவிட்டால் கள்ளன் மேலே இருக்கிறான். வோல்ற் மீற்றர் கூடத் தேவையில்லை. உண்மையில் புதிய டிஜிற்றல் மீற்றர் ஒன்றை ஸ்ரெபிலைசரில் பிடித்தால் அது 0, 12, 0, 12 எண்டு பைத்தியம் மாதிரி எண்களைக் காட்டும். ஒரு சின்ன பல்ப்பைப் பிடித்தால் அது கண்சிமிட்டும். கண்சிமிட்டினால் பெட்டி உயிரோடு இருக்கிறது.

சூட்டு மீற்றர் சொல்லும் பொய்களில் மிகக் கொடியது எது தெரியுமா? எல்லாப் பாகமும் சரியாக வேலை செய்யும்போதே சொல்லும் பொய். சென்சர் தண்ணிக்குள் அமிழ்ந்திருந்தால்தான் அது தண்ணிச் சூட்டைச் சொல்லும். குழாய் வெடித்துத் தண்ணி முழுக்கப் போய்விட்டால் சென்சர் வெறும் காற்றில் நிற்கும். உள்ளே இரும்பு கருகிக்கொண்டிருக்க ஊசி மெல்லக் கீழே இறங்கும். ஓட்டுபவர் "அப்பாடா, சூடு குறைஞ்சிட்டுது" எண்டு இன்னும் இரண்டு மைல் ஓட்டுவார். எஞ்சின் அங்கேயே முடிந்துவிடும். ஊசி ஏறினால் மட்டுமில்லை, காரணமில்லாமல் இறங்கினாலும் காரை நிற்பாட்டு என்பது பழைய ஓட்டிகளின் பாடம்.

ரெவ் கவுன்ரரைப் பற்றிச் சுருக்கமாக. முதலில் அதுவும் கேபிளில்தான் ஓடியது. பிறகு ஸ்மித்ஸ் இக்னிஷன் வயரின் ஒரு வளையத்தை மீற்றருக்குள்ளால் ஓடவிட்டு, அதில் வரும் துடிப்புகளை எண்ணும் வகையைக் கொண்டுவந்தது. அந்த வளையம் எந்தப் பக்கத்தால் போகிறது என்பது முக்கியம். பிரித்தானியக் கார்கள் 1960களின் நடுப்பகுதி வரை பற்றரியின் நேர் முனையை எர்த் செய்தவை. எம்.ஜி.பி. 1967 இல்தான் எதிர் முனை எர்த்துக்கு மாறியது. பழைய காரில் புதிய றேடியோ பூட்ட ஆசைப்பட்டு எர்த்தை மாற்றியவர்களின் ரெவ் கவுன்ரர் அன்றோடு செத்தது. அது பழுதில்லை. உள்ளே இருக்கும் இணைப்புகளையும் வளையத்தையும் மாற்றிவைத்தால் எழும்பிவிடும்.

இனி மொறிஸ் மைனர். 1958 இல் வந்த ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற் என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் காருக்கு என்ன எஞ்சின் எண்டு பார்த்தால், அதே காலத்து மொறிஸ் மைனர் 1000 இல் இருந்த அதே 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின். இரட்டைக் காபரேற்றர் போட்டுக் கொஞ்சம் உசுப்பிவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் டாஷ்போட்டைப் பாருங்கள். ஸ்பிறைற்றுக்கு ரெவ் கவுன்ரர், எண்ணெய் அழுத்தம், தண்ணிச் சூடு எல்லாம் கிடைத்தது. மைனருக்கு ஒரு வேகமானி, அதற்குள் ஒரு பெற்றோல் மீற்றர், சில விளக்குகள். எண்ணெய் விளக்கு அழுத்தம் மிகத் தாழ்ந்த அளவுக்கு விழுந்த பிறகுதான் எரியும். சூட்டைச் சொல்ல ஒன்றுமேயில்லை. ஒரே எஞ்சின், ஒரே வருத்தங்கள். ஆனால் எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று அறியும் உரிமை ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவருக்கு மட்டும். மருத்துவத் தாதிக்கும் போதகருக்கும் ஆசிரியருக்கும் ஒரு சிவப்பு விளக்குப் போதும் எண்டு யாரோ தீர்மானித்திருக்கிறார்கள்.

எங்கட நாட்டுக்கு வந்தது பெரும்பாலும் அந்தச் சிவப்பு விளக்குத்தான். 1970 தொடக்கம் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் புதுக் கார் வருவது அருகியதால், இருந்த மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டு ஓடின. பிறகு போர். 1990களில் பொருளாதாரத் தடை, யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் இல்லை. அதே மைனர்களையும் ஏ-போட்டிகளையும் ஒரு சொட்டுப் பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய்க்குச் செய்யப்படாத எஞ்சின், சூட்டு மீற்றர் இல்லாத மைனர். அப்போது மீற்றராக இருந்தது ஓட்டுபவரின் காதும் மூக்கும் பொனற்றில் வைத்த உள்ளங்கையும்தான். இந்த அறிவைப் பற்றி எழுதிவைத்த புத்தகம் ஒன்றை நாங்கள் காணவில்லை. எங்கட அப்பாமாரிடமும் பெரியப்பாமாரிடமும் இன்னும் இருக்கிறது, கேட்டு எழுதவேண்டும்.

மேற்கில் கதை வேறு பக்கம் திரும்பியது. 1984 ஆம் ஆண்டு மொடல் செவ்ரொலே கோர்வெட்டில் ஊசியையே எடுத்துவிட்டார்கள். திரவப் பளிங்குத் திரையில் எண்களும் வண்ணக் கோடுகளும். வானூர்தி மாதிரி இருக்கிறது எண்டு விளம்பரக்காரருக்குச் சந்தோஷம். ஆனால் திரை மங்கினாலோ ஒரு துண்டு எரியாமல் போனாலோ, வயரைக் கழற்றி எர்த்தில் தொட்டுப் பார்க்கும் வித்தை செல்லாது. முழுத் தொகுதியையும் கழற்றி, அதற்கென்றே இருக்கிற ஆட்களிடம் அனுப்பவேண்டும். 1990 மொடலில் கோர்வெட் பாதி ஊசிகளுக்குத் திரும்பியது. ஆனால் விரலால் கழற்றும் அந்த இரண்டு திருகுகள் திரும்பி வரவில்லை. ஸ்மித்ஸ் கம்பெனியும் 1980களில் கார் மீற்றர்த் தொழிலை விட்டு விலகியது. எம்.ஜி.பி. செய்த அபிங்டன் தொழிற்சாலை 1980 இலேயே மூடப்பட்டுவிட்டது.

1989 இல் மஸ்டா எம்.எக்ஸ்-5 வந்தபோது, அந்தப் பழைய பிரித்தானியக் கார்களின் ஆவி யப்பானில் எழும்பி வந்தது மாதிரித்தான் இருந்தது. வட்ட மீற்றர்கள், வெள்ளை எழுத்து, எண்ணெய் அழுத்தத்துக்குத் தனி ஊசி. அந்த ஊசி உண்மையானது. எஞ்சின் சூடாகி, சிவப்பு விளக்கில் சும்மா நிற்கும்போது ஊசி இறங்கும், ஓடத் தொடங்கினால் ஏறும். எந்த எஞ்சினுக்கும் அதுதான் இயல்பு. எம்.ஜி.பி. கைந்நூலிலேயே ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 50 தொடக்கம் 80 இறாத்தல், சும்மா நிற்கும்போது 10 தொடக்கம் 25 எண்டுதான் போட்டிருக்கும். ஆனால் சிவப்பு விளக்கில் ஊசி விழுவதைப் பார்த்துப் பயந்தவர்கள் விற்பனை நிலையங்களில் போய் முறைப்பட்டார்கள் என்றும், அதனால்தான் மஸ்டா ஒரு முடிவெடுத்தது என்றும் இந்தக் கார் வைத்திருப்பவர்கள் மத்தியில் ஒரு கதை இருக்கிறது.

கதை எப்படியோ, மாற்றம் உண்மை. 1990களின் நடுப்பகுதியில் சென்சர் இருந்த இடத்துக்கு ஒரு சாதாரண சுவிட்ச் வந்தது. டாஷ்போட்டில் அதே மீற்றர், அதே ஊசி, அதே எண்ணெய்க் குப்பிப் படம். கொஞ்ச அழுத்தம் இருந்தால் சுவிட்ச் மூடும், ஊசி போய் நடுவில் நிற்கும். பத்து இறாத்தலோ அறுபது இறாத்தலோ அது நடுவில்தான். மொறிஸ் மைனரின் சிவப்பு விளக்கு, ஊசி வேடம் போட்டு ஸ்போர்ட்ஸ் காருக்குள் வந்துவிட்டது. இன்று பல கார்களின் சூட்டு மீற்றரும் இப்படித்தான். எஞ்சின் ஒருமுறை சூடாகிவிட்டால், அதற்குப் பிறகு சூடு எவ்வளவு ஏறி இறங்கினாலும் ஒரு பெரிய எல்லைக்குள் ஊசியை நடுவிலேயே வைத்திருக்கும்படி கணினிக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஈ-ரைப்பின் சென்சர் பொய் சொன்னது பழுதானதால். இது பழுதில்லாமலே சொல்லும் பொய். வயரைக் கழற்றிப் பார்த்தாலும் பிடிபடாது, ஏனென்றால் எல்லாம் வடிவமைத்தபடியேதான் வேலை செய்கிறது. இரண்டில் எது மோசம் எண்டு கேட்டால் எங்கட பதில் இரண்டாவதுதான்.

எம்.எக்ஸ்-5 வைத்திருப்பவர்களில் சிலர் இதைச் சும்மா விடவில்லை. கழிக்கப்பட்ட ஆரம்பகாலக் கார்களில் இருந்து பழைய மீற்றரையும் பழைய சென்சரையும் தேடி எடுத்து, தங்கள் காரில் பூட்டிக்கொள்கிறார்கள். முகப்புத் தகட்டைக் கழற்றவேண்டும், எண்ணெய் வடிகட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சுவிட்சைக் கழற்றிவிட்டுப் பெரிய சென்சரை அந்த இடுக்கில் திணிக்கவேண்டும். ஒரு பின்னேர வேலை. பிறகு சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஊசி மெல்ல இறங்குவதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.